தன் கதையும் தன் முகமும்

1840ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாட்டில் அடிமை முறை நிலவியது என்பதை அறியாதவர் அந்நாட்டில் ஒருவரும் இலர். அவ்வாண்டு எடுத்த குடிக்கணக்கில் ஏறத்தாழ 25 இலட்சம் பேர் அடிமைகளாகப் பதிவாயினர். வடமாநிலத்து வெள்ளையர் அந்த எண்ணைச் செய்தித்தாளில் படித்தார்கள். படித்த பின், தென்னாட்டு அடிமைகள் பறித்த பருத்தியில் நெய்த சட்டையை அணிந்துகொண்டு தேவாலயத்துக்குச் சென்றார்கள். அவர்களைக் கொடியவர் என்று சொல்லிவிடுதல் எளிது. ஆயினும் அவர்களுள் பெரும்பாலோர் ஓர் அடிமையோடு ஒரு நாழிகைப்பொழுதுகூடப் பேசியவர் அல்லர். அடிமை எத்தகையவன், என்ன நினைப்பான், எதற்கு அழுவான் என்பவற்றை அவர்களுக்குச் சொன்னவர்கள் ஆண்டைகளும், ஆண்டைகளுக்காக எழுதிய பத்திரிகைகளும், முகத்தில் கரி பூசிக்கொண்டு மேடையேறிக் கூத்தடித்த வெள்ளை நடிகர்களுமே ஆவர்.

அந்நிலையில்தான், அடிமையாய்ப் பிறந்தவர்கள் சிலர் தம் கதையைத் தாமே எழுதவும், தம் முகத்தைத் தாம் விரும்பிய வண்ணம் படமாக்கிப் பரப்பவும் முற்பட்டார்கள். அதனால் எது நேர்ந்தது, எது நேரவில்லை என்பதையே இன்று நாம் ஆராயப் புகுகின்றோம்.

கடல் கடந்த கதைதான் இது. ஆயினும் ஊரை விட்டுத் தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியமர்ந்திருக்கும் நமக்கு இதன் ஒரு கூறு எளிதில் விளங்கும். நாகர்கோவிலிலிருந்து சென்றவரும், கடப்பையிலிருந்து சென்றவரும், மைசூரிலிருந்து சென்றவரும் வடபுலத்தாருக்கு நெடுங்காலம் ஒரே 'மதராசி'யாகத்தானே இருந்தோம்! 1968இல் வெளிவந்த 'படோசன்' என்னும் இந்தித் திரைப்படத்தில் மெஹ்மூத் நடித்த தென்னாட்டு இசையாசிரியரைக் கண்டு நாமும் சிரித்தோம். ஆனால் மறுநாள் அலுவலகத்தில் அந்த நடிகரின் உச்சரிப்பிலேயே நம்மை விளித்தபோது அவ்வளவாகச் சிரிப்பு வரவில்லை. இதனை அடிமைத்தளையோடு ஒப்பிடுதல் தகாது. பிறர் தீட்டிய படம் நமக்கு முன்பே போய் நம் இடத்தில் அமர்ந்துகொள்ளும் என்பதற்கு ஒரு சிறு சான்றாக மட்டும் இதைக் குறித்தோம்.

இனி, பிரெடரிக் டக்ளஸின் வரலாற்றுக்கு வருவோம்.

மேரிலாந்து மாநிலத்தின் டால்பட் வட்டாரத்தில் அடிமைத் தாய் ஒருத்தியின் மகனாக அவர் பிறந்தார். பிறந்த நாள் அவருக்குத் தெரியாது. குதிரைக்குத் தன் வயது எவ்வளவு தெரியுமோ அவ்வளவே அடிமைக்கும் தெரியும் என்ற நிலை அக்காலத்தது. தாயை வேறொரு தோட்டத்துக்கு அனுப்பிவிட்டார்கள். பகலெல்லாம் வயலில் உழைத்துவிட்டு, இரவில் 12 மைல் நடந்து வந்து, மகனை உறங்கச் செய்து, விடியுமுன் அவள் திரும்பிவிடுவாள். அவ்வாறு அவர் தாயைக் கண்டது வாழ்நாளில் நான்கைந்து முறையே. அவருக்கு ஏழு வயது ஆகும் காலத்தில் அவள் இறந்துவிட்டாள். அவள் படம் ஒன்றும் இல்லை, இருக்கவும் வழியில்லை. பல்லாண்டுகளுக்குப் பின், மனித இனங்களைப் பற்றிப் பிரிச்சார்டு என்னும் ஆங்கில அறிஞர் எழுதிய நூலைப் புரட்டியபோது, எகிப்திய மன்னன் ஒருவனின் சிலைப்படம் அவர் கண்ணில் பட்டது. அதில் தம் தாயின் சாயல் இருப்பதாக அவருக்குத் தோன்றியது. அந்தப் பக்கத்துக்கு அவர் மீண்டும் மீண்டும் திரும்பினாராம். ஓர் உருவப்படம் மனிதனுக்கு எத்துணைத் தேவை என்பதைப் பிற்காலத்தில் மேடைகளில் அவர் பேசியபோது, அது வெறும் கலையாராய்ச்சியாக இல்லாமற் போனதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

பால்டிமோர் நகரில் ஆல்டு என்பவர் வீட்டில் வேலைக்கிருந்தபோது, வீட்டுத் தலைவி அவருக்கு எழுத்துக்களைச் சொல்லிக்கொடுத்தாள். கணவன் தடுத்துவிட்டான். பின்னர்த் தெருவில் விளையாடிய ஏழை வெள்ளைச் சிறுவர்களுக்கு ரொட்டியைக் கொடுத்து, அதற்கு ஈடாக எழுத்தைக் கற்றுக்கொண்டார். 1838ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள், மாலுமியைப்போல் உடையணிந்து, நண்பர் ஒருவரின் கப்பலாள் சான்றுச்சீட்டை இரவல் பெற்று இரயில் ஏறினார். அச்சீட்டில் கண்ட அங்க அடையாளங்கள் அவருடையவை அல்ல. அதற்குரியவர் அவரைவிடக் கறுத்தவர். இரயிலில் சோதித்தவர் சீட்டை மேலோட்டமாகப் பார்த்தாரேயன்றி முகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. கறுப்பர் முகத்தை எவரும் உற்றுநோக்காத நாட்டில் அந்த அலட்சியமே அவருக்கு விடுதலை வாயிலாயிற்று. இந்தச் சூழ்ச்சியை அவர் 1881 வரை முழுமையாக வெளியிடவில்லை. தமக்குப் பின் தப்ப நினைப்பவருக்கு அந்த வழி அடைபட்டுவிடக் கூடாது என்பது அவர் கருத்து.

1841இல் நான்டக்கெட் தீவில் அடிமை ஒழிப்பாளர் கூட்டம் ஒன்றில் அவர் முதன்முறையாக எழுந்து தம் கதையைச் சொன்னார். கூட்டம் உருகிற்று. வில்லியம் லாயிடு காரிசன் என்னும் தலைவரின் இயக்கம் அவரை ஊர் ஊராக அழைத்துச் சென்றது. இங்கேதான் நாம் கூர்ந்து கவனிக்க வேண்டிய ஒரு சிக்கல் எழுந்தது. நடந்த துன்பங்களை மட்டும் சொன்னால் போதும், அவற்றின் பொருளை விளக்கும் பணியைத் தாங்கள் பார்த்துக்கொள்வதாக வெள்ளை நண்பர்கள் அவருக்கு அறிவுறுத்தினார்கள். பேச்சில் தோட்டத்து வாடை சிறிது கலந்திருப்பது நல்லது என்றும், மிகவும் கற்றவரைப்போல் பேசினால் கேட்போர் நம்பமாட்டார்கள் என்றும் சொன்னார்கள். அவர்கள் நல்லவர்கள், அவருக்காக அடிபடவும் அஞ்சாதவர்கள். ஆயினும் அவர்கள் கருத்தில் கதை கறுப்பருடையது, சிந்தனை வெள்ளையருடையது. ஒரே கதையை ஒரே விதமாக மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருக்கத் தம்மால் இயலவில்லை என்று டக்ளஸ் பின்னர் எழுதினார். அவர் சிந்திக்கத் தொடங்கியிருந்தார். அநீதியை விவரித்தல் மட்டும் அவருக்குப் போதவில்லை, அதனைக் கண்டிக்கவும் வேண்டியிருந்தது.

நண்பர்கள் அஞ்சியபடியே கேட்போர் ஐயுறவும் செய்தார்கள். இவ்வளவு நன்றாகப் பேசுபவன் அடிமையாய் இருந்திருப்பானா? எந்த ஊர், எவர் ஆண்டை என்று சொல்லாமல் மறைக்கின்றானே? இதற்கு விடையாக 1845இல் அவர் தம் முதல் தன்வரலாற்றை வெளியிட்டார். தம்மால் எழுதப்பட்டது என்ற குறிப்பை அட்டையிலேயே பொறித்தார். ஆண்டைகளின் பெயர், தோட்டத்தின் பெயர், சாட்டை பிடித்தவன் பெயர், அடிபட்டவர் பெயர் எல்லாவற்றையும் மறைவின்றி எழுதினார். தப்பியோடிய அடிமை தன்னைத் தானே காட்டிக்கொடுத்த செயல் அது. சட்டப்படி ஆல்டு குடும்பத்தார் எந்த நாளும் வந்து அவரைப் பிடித்துச் செல்லலாம். ஆதலின் அவ்வாண்டே அவர் கப்பலேறி அயர்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் செல்ல நேர்ந்தது. அங்குள்ள அன்பர்கள் பணம் திரட்டி, 1846 டிசம்பரில் 150 பவுன் கொடுத்து அவரை அவருக்கே மீட்டுக்கொடுத்தார்கள்.

அந்நூலுக்கு வந்த மறுப்பு ஒன்று சுவையானது. டெலாவேர் மாநிலத்திலிருந்து ஒருவர் பத்திரிகைக்கு எழுதினார். நூலில் கண்ட ஆண்டைகளையெல்லாம் தாம் நன்கு அறிந்தவர் என்றும், அவர்கள் கண்ணியமானவர்கள் என்றும், பிரெடரிக் என்ற அந்த அடிமையையும் தாம் அறிந்தவர் என்றும், அவனுக்கு இப்படி ஒரு நூலை எழுதும் அறிவு இருந்ததில்லை என்றும் அம்மடலில் வாதிட்டார். டக்ளஸ் அவருக்கு நன்றி தெரிவித்து விடை எழுதினார்! தாம் உண்மையில் அடிமையாய் இருந்தவரே என்பதற்கு, ஆண்டைகள் பக்கத்திலிருந்தே சாட்சி வந்துவிட்டதல்லவா? நூல் 1860க்குள் ஏறத்தாழ 30,000 படிகள் விற்றதாகக் கணக்கிடுகின்றனர்.

இனி முகத்தைப் பற்றிச் சொல்வோம். டாகெர் என்னும் பிரெஞ்சுக்காரர் 1839இல் ஒளிப்படக் கலையை உலகுக்கு அறிவித்தார். அடுத்த சில ஆண்டுகளிலேயே டக்ளஸ் படம் எடுத்துக்கொண்டார். அது முதல் 1895இல் இறக்கும் வரை எடுத்துக்கொண்டேயிருந்தார். இன்று அறியப்பட்டுள்ள அவருடைய தனித்தனிப் படங்கள் 160க்கும் மேற்பட்டவை. 19ஆம் நூற்றாண்டில் வேறெந்த அமெரிக்கருக்கும், ஆபிரகாம் லிங்கனுக்குங்கூட, இத்தனை படங்கள் இல்லை என்று இதனை ஆராய்ந்தோர் கூறுகின்றனர். தற்பெருமை என்று கருதுவோர் அப்படங்களைப் பார்த்தல் வேண்டும். வெட்டுச் சிறந்த கோட்டு, கழுத்துப்பட்டை, கூரிய நோக்கு. சிரிப்பு மட்டும் அரிது. மேடைக் கூத்துக்களில் கறுப்பர் எந்நேரமும் பல்லிளித்துக்கொண்டிருந்த காலம் அது என்பதை நினைத்துப் பார்த்தால் அவர் ஏன் சிரிக்கவில்லை என்பது புலனாகும். 1849இல் ஒரு நூலில் தம்மைப் பற்றி வெளியான வரைபடத்தைக் கண்டு, தப்பியோடிய அடிமையின் முகத்துக்கு இவ்வளவு சாந்தமும் இனிமையும் ஏது என்ற பொருளில் அவர் எள்ளி எழுதினார். வெள்ளை ஓவியர்கள் கறுப்பரை வரைய உட்காரும்போதே, கறுப்பர் முகம் இப்படித்தான் இருக்கும் என்ற எண்ணத்தை மனத்தில் வைத்துக்கொண்டு வரைகின்றார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. படப்பெட்டிக்கு அந்த முன்னெண்ணம் இல்லை என்று அவர் நம்பினார். முன்னாளில் அரசர்க்கும் கிட்டாத உருவப்படம் இன்று வேலைக்காரப் பெண்ணுக்கும் சில காசுக்குக் கிடைக்கின்றது என்று, உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோது பாஸ்டன் மேடையில் வியந்து பேசினார்.

அந்த நம்பிக்கை முற்றும் சரியானதா? நமக்கு ஐயமே. 1850இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் லூயி அகாசி, கறுப்பரும் வெள்ளையரும் வெவ்வேறாகப் படைக்கப்பட்டவர்கள் என்னும் கொள்கையை நிறுவ விரும்பினார். தென்கரோலினா மாநிலத்தின் கொலம்பியா நகரில், அவருக்காக அடிமைகள் எழுவரை ஆடை களைந்து நிறுத்திப் படம் பிடித்தார்கள். அதே வகைப் படப்பெட்டி. அதே கண்ணாடி வில்லை. எடுத்துக்கொண்டவர் விருப்பம் மட்டும் அதில் இல்லை. அப்படங்கள் மறக்கப்பட்டு 1976இல் ஹார்வர்டு அருங்காட்சியகத்தில் மீண்டும் கண்டெடுக்கப்பட்டன. படத்திலுள்ள ஒருவரின் வழித்தோன்றல் என உரிமை கோரிய பெண்மணி ஒருவர் தொடுத்த வழக்கின் முடிவில், 2025இல்தான் அவற்றைத் தன் கையிலிருந்து விட்டுக்கொடுக்கப் பல்கலைக்கழகம் இசைந்தது. நம் நாட்டிலும் இத்தகைய முயற்சி நடந்தது. 1868 முதல் 1875 வரை 'இந்திய மக்கள்' என்று பொருள்படும் தலைப்பில், 468 படங்களோடு 8 தொகுதிகளை ஆங்கில அரசு வெளியிட்டது. அவற்றில் பெரும்பாலும் மனிதருக்குப் பெயர் இல்லை, சாதிக்கே பெயர் உண்டு. சென்னை அருங்காட்சியகத் தலைவர் எட்கர் தர்ஸ்டன் நம்மவர் மூக்கையும் மண்டையையும் அளந்து, 1909இல் தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி 7 தொகுதிகள் வெளியிட்டதும் அம்மரபில் வந்ததே.

சோஜர்னர் ட்ரூத் என்னும் அம்மையார் டக்ளஸைப்போல் எழுதப் படிக்கத் தெரிந்தவர் அல்லர். நியூயார்க் மாநிலத்தில் டச்சு மொழி பேசும் ஆண்டைகளிடம் அடிமையாய் வளர்ந்தவர். 1850இல் வெளிவந்த அவர் வாழ்க்கை வரலாறு, அவர் சொல்ல ஒரு வெள்ளைப் பெண்மணி எழுதியது. 1851இல் ஒஹாயோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் அவர் பேசிய பேச்சு உலகப் புகழ் பெற்றது. ஆனால் நாம் பலகாலும் கேட்கும் வடிவம், 12 ஆண்டுகள் கழித்து வேறொருவர் தென்னாட்டு அடிமையின் கொச்சையில் எழுதி வெளியிட்டது. டச்சு பேசி வளர்ந்த அம்மையார் அக்கொச்சையில் பேசியிருக்க முடியுமா? 1851இலேயே ஒரு பத்திரிகையில் வந்த குறிப்பில், அப்பேச்சின் புகழ்பெற்ற பல்லவி வரி காணப்படவில்லை. எழுத்து பிறர் கையில் இருந்தமையால் அவர் கதை அவருக்குச் சிறிது வழுவிப்போயிற்று.

முகத்தை மட்டும் அவர் விடவில்லை. 1860களில் சிறு அட்டைகளில் ஒட்டிய தம் படங்களை அச்சிட்டுக் கூட்டங்களில் விற்றார். வெள்ளைச் சால்வை, மூக்குக் கண்ணாடி, மடியில் பின்னல் வேலை. மதிப்புக்குரிய வீட்டுத் தலைவியின் தோற்றம். 1864இல் படத்தின் உரிமையைத் தம் பெயரிலேயே பதிவு செய்தார். உடலைக் காப்பதற்காக நிழலை விற்பதாக அட்டையின் அடியில் அச்சிட்டிருந்தார். ஒரு காலத்தில் உடலோடு விற்கப்பட்டவர் சொன்ன சொல் அது. நாமும் ஒளிப்படத்தை நிழற்படம் என்றுதானே வழங்குகின்றோம்!

இதற்கு மாறான படம் ஒன்றும் அக்காலத்தில் பரவிற்று. 1863இல் லூசியானாவில் வடபடையிடம் தப்பி வந்த ஓர் அடிமையின் முதுகை, சாட்டைத் தழும்புகள் வேர்போல் ஓடிய முதுகை, படம் பிடித்தார்கள். அவர் பெயரைப் பீட்டர் என்றும் கார்டன் என்றும் பலவாறு சொல்வர். அப்படம் ஆயிரம் சொற்பொழிவுகள் செய்யாததைச் செய்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதைப் பார்த்தவர்கள் அவர் முகத்தைவிட முதுகையே நினைவில் வைத்தார்கள். இரக்கம் பிறக்க அது போதும். ஒருவரைப் பக்கத்து வீட்டுக்காரராக ஏற்றுக்கொள்ள அவ்விரக்கம் மட்டும் போதுமா என்பது வேறு கேள்வி. 1865இல் அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்தது. ஆனால் இன வேற்றுமைச் சட்டங்கள் வேறு உருவில் முளைத்து, 1960கள் வரை நின்றன. அடிமை நிலைக்கு அழுத கண்கள் பல, சமநிலை கேட்டபோது வேறு பக்கம் திரும்பிக்கொண்டன.

அந்தப் போராட்டத்தின் செய்தி நம் நாட்டுக்கும் எட்டியது. 1873இல் புனேயில் ஜோதிராவ் புலே, அடிமைத்தனம் என்று பொருள்படும் 'குலாம்கிரி' என்னும் மராத்தி நூலை வெளியிட்டு, கறுப்பர் விடுதலைக்குப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்கு அதனைக் காணிக்கையாக்கினார். நம் நாட்டாரும் அவர்களைப் பின்பற்றுவார்களாக என்ற வேண்டுகோள் அதில் அடங்கியிருந்தது. பின்னர் அமெரிக்காவிலேயே பயின்று திரும்பிய டாக்டர் அம்பேத்கர், 1935-36ஆம் ஆண்டளவில் தம் வாழ்க்கை நிகழ்ச்சிகளை ஒரு சிறு ஏட்டில் எழுதினார். தீண்டாமையை அயல்நாட்டாருக்குப் பொதுவாக விளக்கலாம், அல்லது நடந்தவற்றைச் சொல்லி உணர்த்தலாம். இரண்டாம் வழியே பயன் தருவது என்று தொடக்கத்திலேயே அவர் கூறிவிடுகின்றார். 1901இல், ஒன்பது வயதுச் சிறுவனாக, நல்ல உடை அணிந்து வேறு சிறுவர்களோடு மசூர் இரயில் நிலையத்தில் இறங்கியதை அதில் காண்கின்றோம். நிலையத் தலைவர் அன்போடு விசாரிக்கின்றார். தாங்கள் மகார் சாதி என்று சிறுவன் சொல்லுகின்றான். அவர் முகம் மாறிவிடுகின்றது. வண்டிக்காரர் எவரும் ஏற்றிச் செல்ல இசையவில்லை. கடைசியில் இரட்டைக் கூலி கொடுத்து, சிறுவர்களே மாட்டை ஓட்ட, வண்டிக்காரன் பக்கத்தில் நடந்து வருகின்றான். கையில் உணவு இருந்தும் குடிக்க நீர் கிடைக்காமையால் பசியோடு இரவைக் கழிக்கின்றார்கள். அவ்வேடு அச்சானது 1990இல்தான். தீண்டாமையைப் பற்றிய பெரிய ஆராய்ச்சிகளை அம்பேத்கரே எழுதியிருக்கின்றார். எனினும் அந்த மாட்டு வண்டி மனத்தில் நிற்பதுபோல் அவை நிற்பதில்லை என்பது நம் அனுபவம்.

டக்ளஸ் தம் நூல்களில் எவரைப் பெயர் சொல்லி எழுதினாரோ அந்த ஆண்டைகளுள் ஒருவரான தாமஸ் ஆல்டு நெடுநாள் உயிரோடிருந்தார். 1848இல் அவருக்கு டக்ளஸ் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதிப் பத்திரிகையில் வெளியிட்டதும் உண்டு. 1877இல் டக்ளஸ் தலைநகர் வாஷிங்டனில் மார்ஷல் என்னும் உயர் பதவியில் இருந்தார். அவ்வாண்டு மேரிலாந்தின் செயின்ட் மைக்கேல்ஸ் என்ற ஊருக்குச் சென்றிருந்தபோது, படுக்கையில் கிடந்த ஆல்டு அவரைக் காண விரும்புவதாகச் செய்தி வந்தது. டக்ளஸ் சென்றார். முதியவரின் கைகள் வாத நோயால் நடுங்கின. அவர் 'மார்ஷல் டக்ளஸ்' என்று விளித்தார். முன்போல் பிரெடரிக் என்றே அழைக்குமாறு டக்ளஸ் கேட்டுக்கொண்டார். இருவருக்கும் சிறிது நேரம் பேச்சு எழவில்லை. தம் பாட்டியை முதுமையில் கைவிட்டவர் ஆல்டு என்று தாம் எழுதியது பிழை என்பதை டக்ளஸ் அங்கே ஒப்புக்கொண்டார். பாட்டி ஆல்டுக்கு உரிமையானவளாகவே இருந்ததில்லை. சாட்டையைப் பற்றி எழுதியதை அவர் திரும்பப் பெறவில்லை. பிறகு, தாம் பிறந்தது எப்போது என்று கேட்டார். 1818ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் என்று முதியவர் கணக்குச் சொன்னார்.

இந்தச் சந்திப்பைப் பத்திரிகைகள் வெளியிட்டபோது, டக்ளஸ் பழைய ஆண்டையிடம் பணிந்துவிட்டார் என்று கறுப்பினத்தாருள் சிலர் வருந்தினார்கள். ஆல்டு 1880இல் மறைந்தார். அடுத்த ஆண்டு வெளிவந்த மூன்றாம் தன்வரலாற்றில், அவர் வீட்டுப் படுக்கையறையில் நடந்ததை டக்ளஸ் சில பக்கங்களில் எழுதிவைத்தார்.